உற்றுநோக்கல் முறை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கே: மேடம், பி.எட். பாடத்தில் ‘இயற்கையான உற்றுநோக்கல்’ வருகிறது. சும்மா உட்கார்ந்து பார்ப்பது எப்படி ஆராய்ச்சியாகும்?

ப: மனிதர்களை அவர்கள் வழக்கமாக இருக்கும் இடத்திலேயே, குறுக்கிடாமல் பார்த்துப் பதிவு செய்வதுதான் இயற்கையான உற்றுநோக்கல். சும்மா பார்ப்பதில்லை. எதைப் பார்ப்பது, எதைக் குறித்துக்கொள்வது என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ‘கோபமாக இருந்தான்’ என்பது உங்கள் ஊகம். ‘பக்கத்துப் பையனின் பென்சிலைப் பிடுங்கி வீசினான்’ என்பது நடந்தது. நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

கே: கேள்வித்தாள் கொடுத்தால் ஒரே நாளில் நூறு பேரிடம் பதில் வாங்கிவிடலாமே?

ப: வாங்கலாம். ஆனால் மனிதர்கள் சொல்வது ஒன்று, செய்வது இன்னொன்று. கனடாவில் கிரெய்க், பெப்லர் என்ற இரு ஆய்வாளர்கள் பள்ளி விளையாட்டுத் திடலில் பிள்ளைகளுக்குக் கம்பியில்லா மைக் மாட்டி, தூரத்திலிருந்து படம் பிடித்தார்கள். 1997-இல் வெளியான அந்த ஆய்வில், ஒரு பிள்ளையை மற்றவர்கள் சீண்டித் துன்புறுத்திய சம்பவங்களில் சுமார் 4 சதவீதத்தில்தான் ஆசிரியர் தலையிட்டிருந்தார். ஆசிரியர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. பல சம்பவங்கள் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன, கண்ணிலேயே படுவதில்லை. ஆனால் ‘சண்டை வந்தால் தடுப்பீர்களா?’ என்று தாளில் கேட்டிருந்தால் யார் இல்லை என்றிருப்பார்கள்? இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த முறையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கே: நான் அங்கன்வாடி ஆசிரியை. யாராவது நோட்டோடு வந்து உட்கார்ந்தாலே பிள்ளைகள் மாறிவிடுகிறார்களே?

ப: மாறத்தான் செய்வார்கள், அதனால் முதல் சில நாள் குறிப்புகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை ஆராய்ந்த உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் 1954-இல் உகாண்டா போனபோது, கம்பாலாவைச் சுற்றிய கிராமங்களில் 26 தாய்மார்களின் வீடுகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய், இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். மாதக்கணக்கில் இப்படிப் போனதால்தான், குழந்தை அம்மாவை விட்டுத் தவழ்ந்து போய், சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதை அவரால் கவனிக்க முடிந்தது.

கே: அப்படியானால் யாருக்கும் தெரியாமல் வீடியோ எடுத்துவிடலாமா?

ப: வேண்டாம். அமெரிக்காவில் 1976-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆண்கள் கழிப்பறையில் பெரிஸ்கோப் வைத்துப் பார்த்தார்கள், அருகில் ஆள் நின்றால் சிறுநீர் கழிக்கத் தாமதமாகிறதா என்று. அதன்மேல் எழுந்த கண்டனம் நியாயமானது. பிள்ளைகள் என்றால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் கட்டாயம்.

கே: நானும் தோழியும் ஒரே வகுப்பைப் பார்த்தோம், குறிப்புகள் ஒத்துப்போகவில்லை. என்ன செய்வது?

ப: வரையறையைத் திருத்துங்கள். ‘அடித்தல்’ என்றால் விளையாட்டாகத் தட்டுவதும் சேருமா? அதை முடிவு செய்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்புறம் கோஹன் கப்பா (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு, இருவர் குறிப்புகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) போட்டு ஒத்துப்போகும் அளவைக் கணக்கிடுங்கள்.

கே: உற்றுநோக்கலை வைத்து, ஒரு நடத்தைக்கு இதுதான் காரணம் என்று சொல்ல முடியுமா?

ப: உறுதியாகச் சொல்ல முடியாது. காரணத்தைச் சோதிக்கப் பரிசோதனை வேண்டும். ஆனால் எதைச் சோதிப்பது என்பதை உற்றுநோக்கல் காட்டும். எய்ன்ஸ்வொர்த்தும் உகாண்டாவில் பார்த்ததை வைத்துத்தான், பின்னர் பால்டிமோரில் அம்மா அறையை விட்டுப் போய்த் திரும்பும் சுமார் 20 நிமிட ஆய்வக முறையை உருவாக்கினார்.