பளபளப்பு வேறு, ப்ரூஃப் வேறு

கேள்வி: என்னிடம் 1887-ஆம் ஆண்டின் விக்டோரியா மகாராணி சவரன் நாணயம் ஒன்று இருக்கிறது. துலக்கித் துலக்கிக் கண்ணாடி போல வைத்திருக்கிறேன். அதே ஆண்டு, அதே எடை, அதே தங்கம் கொண்ட இன்னொரு நாணயத்துக்கு ‘ப்ரூஃப்’ என்று பெயர் சூட்டி, தங்கத்தின் மதிப்பைப் போலப் பல மடங்கு விலை சொல்கிறார்கள். என்னுடையதும் அப்படித்தானே மின்னுகிறது? இது பணம் மிகுந்தவர்களின் பைத்தியமன்றி வேறென்ன?

பதில்: பைத்தியம் கொஞ்சம் உண்டு, அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் உங்கள் கேள்விக்குள் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. முதலில் அதைப் பிடித்துவிடலாம். ‘ப்ரூஃப்’ என்பது நாணயம் இன்று எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லும் சொல் அல்ல. பிறந்தபோது அது எப்படிச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும் சொல்: புழக்கத்துக்கன்றிச் சேகரிப்பாளர்களுக்கென்று தனிக் கவனத்தோடு அடித்த நாணயம். ப்ரூஃபாகப் பிறந்த நாணயம் ஒருவருடைய சட்டைப்பையில் முப்பது ஆண்டு உரசித் தேய்ந்தாலும் ப்ரூஃபாகவே இருக்கும்; பழுதுபட்ட ப்ரூஃப் என்று அதைச் சொல்வார்கள். புழக்கத்துக்கென்று அடித்த நாணயத்தைப் பட்டுத்துணியில் பொதிந்து நூறு ஆண்டு வைத்திருந்தாலும் அது ப்ரூஃப் ஆகிவிடாது. துலக்கினால் ஆவதற்கு வழியே இல்லை.

உங்கள் 1887-ஐயே எடுத்துக்கொள்வோம். மகாராணியின் ஆட்சி ஐம்பது ஆண்டைத் தொட்டதற்காகப் புதிய உருவத்தோடு வந்த நாணயம் அது. (சிற்பி போம் செதுக்கிய அந்தத் தலையின் மேல் குட்டிக் கிரீடம் எப்போது நழுவுமோ என்றிருப்பதை அன்றே பலர் கேலி செய்தார்கள்.) லண்டன் நாணயச்சாலை மட்டும் அந்த ஆண்டு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சவரன்களைப் புழக்கத்துக்கு அடித்தது, மெல்போர்னும் சிட்னியும் அடித்தவை தனி. ப்ரூஃப் சவரன்கள் 797. இரண்டும் 22 காரட், இரண்டும் ஏறத்தாழ 7.98 கிராம் என்பதில் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. தராசுக்கு வேற்றுமை தெரியாது.

கண்ணுக்குத் தெரியும். புழக்க நாணயம் இயந்திரத்தில் ஓர் அடி வாங்கி, கீழே கிடக்கும் குவியலில் போய் விழுகிறது. அங்கேயே மற்ற நாணயங்களோடு இடித்து முதல் காயத்தைப் பெற்றுவிடுகிறது. ப்ரூஃபுக்கென்று எடுத்த அச்சின் தட்டைப் பரப்பைக் கண்ணாடியாக மெருகேற்றுகிறார்கள்; அடிக்கப்பட வேண்டிய தங்க வில்லையையும் தேர்ந்து மெருகிடுகிறார்கள்; பிறகு நிதானமாக, பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை, கூடுதல் அழுத்தத்தில் அடித்து, கையால் எடுத்து வைக்கிறார்கள். இதனால் உலோகம் அச்சின் கடைசி இழை வரை ஏறுகிறது. விளக்கின் கீழ் அத்தகைய நாணயத்தைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். சவரனின் பின்புறத்தில் இருக்கும் செயின்ட் ஜார்ஜின் குதிரைக்கும் கீழே கிடக்கும் டிராகனுக்கும் நடுவிலுள்ள வெற்றிடம் கிணற்று நீர் போல ஆழ்ந்து கறுக்கும். குதிரையும் வீரனும் உறைபனி படிந்தாற்போல வெளுத்து மேலே நிற்பார்கள். இந்த உறைபனித் தோற்றம் அச்சின் குழிவுகளில் இருக்கும் நுண்ணிய சொரசொரப்பால் வருவது; சில அடிகளிலேயே அது மழுங்கத் தொடங்கிவிடும். ஆகவே ப்ரூஃபுகளுக்குள்ளேயே முதலில் பிறந்தவற்றுக்கு மதிப்பு அதிகம்.

ப்ரூஃபுகள் அரிதாக இருப்பதற்கு இன்னொரு காரணம் வெறும் பணக்கணக்கு. பிலடெல்பியா நாணயச்சாலை 1884-இல் அடித்த 20 டாலர் தங்க நாணயங்கள் மொத்தம் 71, அத்தனையும் ப்ரூஃப். 20 டாலர் என்பது அன்று ஒரு தொழிலாளியின் பல நாள் கூலி. அவ்வளவு பணத்தை ஒரு நாணயத்தில் முடக்க வசதியில்லாத சேகரிப்பாளர்கள் வெள்ளி, செம்பு ப்ரூஃபுகளோடு நின்றுகொண்டார்கள். அந்தக் காலத்தில் விற்காமல் தங்கிய தங்க ப்ரூஃபுகள் உருக்குக் கலத்துக்கே திரும்புவதும் உண்டு. வாங்கியவர்களிலும் சிலர் கைமுடையில் முகமதிப்புக்கே செலவழித்தார்கள். ஆக, வாங்க ஆளில்லாமல் போனதுதான் இன்றைய போட்டிக்கு வித்து.

ஆனால் அருமை ஒன்றே போதுமென்றால் எண்ணிக்கைப் பட்டியலைப் பார்த்தே விலை எழுதிவிடலாம். அமெரிக்காவில் 1908-இல் கண்ணாடித் தளத்தைக் கைவிட்டு, மணல் பீய்ச்சியது போன்ற மங்கல் பரப்போடு தங்க ப்ரூஃபுகளை வெளியிட்டார்கள். செய்நேர்த்தியில் குறையே இல்லை. சேகரிப்பாளர்கள் முகம் சுளித்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகள் ஒளி கூடிய வேறொரு பரப்பைக் கொண்டுவந்து, 1911-இல் மீண்டும் மங்கலுக்கே போய், 1915-உடன் தங்க ப்ரூஃப் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். அன்று வேண்டாமென்று தள்ளப்பட்ட அவையும் இன்று தேடப்படுகின்றன என்பது வேறு கதை; ஆயினும் கண்ணாடித் தளத்தின் கவர்ச்சி தனி என்பதே என் எண்ணம்.

அந்தக் கவர்ச்சியின் உச்சமென்று நான் நினைப்பது, 1839 என்று ஆண்டு பொறித்த ஐந்து பவுண்டு நாணயம். வில்லியம் வையன் செதுக்கியது. ப்ரூஃபாக மட்டுமே அடிக்கப்பட்டது. எண்ணிக்கை ஏறத்தாழ 400 என்பார்கள். ஆங்கிலக் கவிஞர் ஸ்பென்சரின் காவியத்தில் வரும் யூனா என்னும் பெண்ணாக இளம் விக்டோரியாவை நிறுத்தி, ஒரு சிங்கத்தை உடன் நடக்கவிட்டார் வையன். புழக்கத்தின் கைபடவே கூடாத வேலைப்பாடு என்று பார்த்தவுடன் புரியும். பல மடங்கு கொடுப்பவர் தங்கத்துக்குக் கொடுக்கவில்லை. அந்த மேற்பரப்புக்குக் கொடுக்கிறார்.

உங்களுக்குச் சங்கடமான பகுதி இதுதான். அந்த மேற்பரப்பு எளிதில் கெடுவது. 22 காரட்டில் செம்பு கலந்திருந்தாலும் தங்கம் மென்மையானதுதான். மெல்லிய துணியால் ஒருமுறை துடைத்தாலே மயிரிழைக் கீறல்கள் விழுந்துவிடும். தரம் மதிப்பிடுபவர்கள் 70 வரை எண் கொடுக்கும்போது ப்ரூஃபில் முதலில் தேடுவது இந்தக் கீறல்களைத்தான். ஒரு சில எண்கள் இறங்கினால் விலை பாதியாவதும் உண்டு. புத்தம்புது அச்சில் முதலில் விழுந்த புழக்க நாணயங்களும் ஓரளவு கண்ணாடித்தன்மை காட்டும் என்பதால், அவற்றை ப்ரூஃப் என்று தள்ளிவிடும் விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். எனவே வெறும் மினுக்கத்தை வைத்து விலை பேசுபவரை நீங்கள் சந்தேகிப்பது நியாயமே.

உங்கள் நாணயத்தையும் ஒருமுறை விளக்கடியில் சாய்த்து, உருப்பெருக்கியால் பாருங்கள். மகாராணியின் கன்னத்திலும் முக்காட்டின் மடிப்புகளிலும் கூர்மை மழுங்கியிருக்கும். வெற்றுப் பரப்பு முழுவதும் ஒரே திசையில் ஓடும் சன்னமான கோடுகள் தெரியும். அவை லண்டன் நாணயச்சாலையில் விழுந்தவை அல்ல. தங்கத்தின் மதிப்பு அதற்கு எப்போதும் உண்டு. மேற்கொண்டு துலக்காமல் விளிம்பை மட்டும் பிடித்து எடுத்து வையுங்கள்.