தடுப்பூசிக்குள் பாக்டீரியா டிஎன்ஏவா?

கேள்வி: 2022இல் என் மகனுக்குப் பள்ளியில் கோர்பிவேக்ஸ் என்ற கொரோனா தடுப்பூசி போட்டார்கள். அதில் பாக்டீரியா டிஎன்ஏ இருக்கிறது, அது பிள்ளைகளின் மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும் என்று வாட்ஸ்அப்பில் ஓர் ஆடியோ வந்தது. அதிலிருந்து அவன் அப்பத்தா இனி எந்த ஊசியும் வேண்டாம் என்கிறார்கள். இப்போது 16 வயதில் போடும் டிடி ஊசி (ரணஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி) பாக்கி. போடலாமா? - வாசகி, தேவகோட்டை

பதில்: போடுங்கள் சகோதரி. டிடி ஊசியில் அந்த ஆடியோ சொல்லும் பொருளே கிடையாது. ஆனாலும் அப்பத்தாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆடியோவில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது.

கோர்பிவேக்ஸில் சிபிஜி 1018 என்ற துணைப்பொருள் உண்டு; தடுப்பூசியின் வேகத்தைக் கூட்டச் சேர்ப்பது. பாக்டீரியாவிலிருந்து எடுத்ததல்ல, அதன் டிஎன்ஏ சாயலில் ஆய்வகத்தில் கோத்த 22 எழுத்துத் துணுக்கு. இதில் மரபணு எதுவும் இல்லை.

பிறகு எதற்கு அது? டிஎன்ஏவின் வேதி எழுத்துகளில் 'சி'யை அடுத்து 'ஜி' வரும் ஜோடி (இதுதான் சிபிஜி) நம் உடலில் அபூர்வம். கணக்குப்படி வரவேண்டியதில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். இருப்பதிலும் 70-80 சதவீதத்தில் சி மீது மீத்தைல் என்ற சிறு வேதித் துணுக்கு ஒட்டியிருக்கும். பாக்டீரியாவிலோ இந்த ஜோடி தாராளம், பெரும்பாலும் மீத்தைல் இல்லாமலே. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் புரதம்தான் டிஎல்ஆர்9. இது திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிற ஆள் இல்லை. வீட்டுக்குள் வந்த மூட்டையை வளவில் வைத்துப் பிரித்துப் பார்க்கிற ஆள். அதாவது, செல் விழுங்கிய பொருளைச் செரிக்கும் சிறு பைகளுக்குள் இருக்கிறது. நம் மரபணு இருக்கும் உட்கருவில் இதற்கு வேலையே இல்லை. துணுக்கைக் கண்டதும், நோய் எதிர்ப்புச் செல்களில் ஒருவகையான டென்ட்ரிட்டிக் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கும், இன்னொரு வகையான பி செல்கள் விழித்துக்கொண்டு எதிர்பொருள் தயாரிக்கும். ஈஸ்டில் வளர்த்த கொரோனா புரதத்தை மட்டும் போட்டால் உடல் இவ்வளவு வேகமாகக் கிளம்பாது. ஊசி போட்ட மறுநாள் லேசாகக் காய்ச்சல் அடிப்பதும் இந்தக் கிளர்ச்சியால்தான். துணுக்கை நொதிகள் நறுக்கிவிடும்.

இது திடீரென வந்த விஷயமும் இல்லை. காசநோய்க்கான பிசிஜி கிருமியின் டிஎன்ஏ எதிர்ப்புச் செல்களைத் தூண்டுவதை ஜப்பானியர்கள் 1984இலேயே கவனித்தார்கள். காரணம் அந்த சிபிஜி ஜோடிதான் என்று 1995இல் ஆர்தர் கிரீக் குழு காட்டியது. டிஎல்ஆர்9ஐ 2000இல் ஒசாகாவில் ஷிசுவோ அகிராவின் குழு அடையாளம் கண்டது.

மகனின் இடது தோளில் பிசிஜி தழும்பு இருந்தால் அப்பத்தாவிடம் காட்டுங்கள். பிறந்தவுடன் போட்ட அந்த ஊசியில் உயிருள்ள, வீரியம் குறைத்த பாக்டீரியாவே இருந்தது. அதன் டிஎன்ஏவில் ஏறக்குறைய 43 லட்சம் எழுத்துகள். அதையே சமாளித்த பிள்ளைக்கு 22 எழுத்து ஒரு பொருட்டா?

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். லூபஸ் (எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய்) உள்ளவர்களுக்குச் சொந்த டிஎன்ஏவே டிஎல்ஆர்9ஐ உசுப்பிவிடக்கூடும். அவர்களுக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து இந்தப் பாதையை மட்டுப்படுத்துகிறது. வீட்டில் அப்படி யாராவது இருந்தால், சிபிஜி கலந்த தடுப்பூசிக்கு முன் அவர்களுடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

டிடி விஷயம் எளிது. ரணஜன்னி, தொண்டை அடைப்பான் நச்சுகளை வீரியமிழக்கச் செய்து தயாரித்தது. 16 வயது டோஸ் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். முந்தைய ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் நர்ஸிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.