முட்டையா, பாலா, கறியா? பிள்ளைகள் வளர்த்தி பற்றி அக்காவிடம் கேட்டவை

(பாளையங்கோட்டை அக்கா, ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்த கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும்.)

வள்ளியூர் அம்மா: மகன் மூணாம் வகுப்பு. வகுப்பிலேயே அவன்தான் குட்டை. தினம் முட்டை கொடுத்தால் வளருவானா அக்கா?

முட்டை என்ன உரமாம்மா, போட்ட மறுவாரம் தழைக்க? இந்த வயசில் வருஷத்துக்கு 5, 6 செ.மீ. ஏறினால் சரி. கதவு நிலையில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள், ஆறு மாசம் கழித்து இன்னொன்று. ஏறவே இல்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களும் அவன் அப்பாவும் என்ன உயரம் என்று சொல்லவே இல்லையே! முட்டை தாராளமாகக் கொடுங்கள். ஒன்றில் 6 கிராம் புரதம். 7-9 வயசுக்கு நாளைக்கு 23 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு. சாப்பிட்ட கையோடு டீ மட்டும் வேண்டாம், சாப்பாட்டில் இருக்கிற இரும்பைச் சேர விடாது.

அம்பாசமுத்திரம் அப்பா: நாங்கள் சைவம். முட்டைகூட வீட்டுக்குள் வராது. பிள்ளைக்குக் குறை வருமா?

இதை நீளமாகவே சொல்கிறேன். கென்யாவில் எம்பு என்ற ஊர்ப்பக்கம் 1998 முதல் 2000 வரை 12 பள்ளிக்கூடங்களில் ஒரு சோதனை நடந்தது. அங்கே மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்த கித்தேரிதான் அன்றாடச் சாப்பாடு. சில பள்ளிகளில் அதோடு இறைச்சி, சிலவற்றில் ஒரு டம்ளர் பால், சிலவற்றில் எண்ணெய் மட்டும் கூட்டினார்கள். மீதிப் பள்ளிகளில் ஒன்றும் கொடுக்கவில்லை. இறைச்சி சாப்பிட்ட பிள்ளைகளுக்குக் கைச்சதை நன்றாக ஏறியது, புதிர்ச் சோதனையில் மதிப்பெண் கூடியது, விளையாட்டிலும் துறுதுறுவென்று முன்னால் நின்றார்கள். உயரம் எல்லாருக்கும் கூடிவிடவில்லை. பால் குடித்தவர்களில் சின்ன வயசுக்காரர்களும் முன்பே குட்டையாக இருந்தவர்களும்தான் கொஞ்சம் கூடுதலாக வளர்ந்தார்கள். இரத்தத்துக்கும் நரம்புக்கும் வேண்டிய பி12 வைட்டமின் பால், இறைச்சி இரண்டிலும் தேறியது.

ஆக, உங்களுக்குப் பால் இருக்கிறது. காலையும் ராத்திரியும் ஒரு டம்ளர், மத்தியானம் தயிர். செடிகொடியில் பி12 கிடையாது, அதனால் இதை விடாதீர்கள். சொதியில் ஊற்றுகிற தேங்காய்ப்பாலை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, சொல்லிவிட்டேன்! இரும்புக்கு முருங்கைக்கீரை; கூடவே ஒரு நெல்லிக்காய். டீ கிட்டேயே வரக்கூடாது.

உவரி மைனி: எங்களுக்கு மீன்தான். கறி வாங்கக் கட்டுப்படியாகாது.

கறியே வேண்டாம் மைனி. நெத்திலியைத் தலை கிள்ளி, முள்ளோடு குழம்பு வைத்தால் சுண்ணாம்புச்சத்தும் சேர்ந்து வரும். சாளையும் நல்லது. கருவாடு என்றால் உப்புக்காகக் கொஞ்சமாக.

மேலப்பாளையம் அண்ணாச்சி: நாட்டுக்கோழி முட்டைக்கு ஈடு உண்டா? பண்ணை முட்டை வெறும் தண்ணி.

அண்ணாச்சி, ஓட்டின் நிறம் கோழியின் சாதியைச் சொல்லும், சத்தைச் சொல்லாது. மஞ்சள்கருவின் நிறம் தீனியால் வருவது.

அண்ணாச்சி: எங்க ஆச்சி சொன்னதெல்லாம் பொய்யா வே?

ஆச்சி காலத்தில் பண்ணை முட்டையே இல்லையே! ருசி வேறு என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாட்டு முட்டை வாங்குகிற காசுக்கு இரண்டு பண்ணை முட்டை வரும். பிள்ளைக்கு இரண்டு நாள்.

களக்காடு அண்ணன்: நானும் அண்ணாச்சி கட்சி. பச்சையாகக் குடித்தால்தான் பலம்.

ஐயோ, அது வேறா! பச்சை வெள்ளைக்கருவில் இருக்கிற அவிடின் என்கிற புரதம் பயோட்டின் என்ற வைட்டமினை உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், போதாததற்குக் கிருமி பயம். அவித்துக் கொடுங்கள்.

அண்ணாச்சி: மஞ்சளில் இரும்பு இருக்குல்லா?

இருக்கு, உடம்பில் சேருவது கொஞ்சம்தான். ஈரலில் இருக்கிற இரும்பு சேரும். நாட்டு முட்டைப் பேச்சை இதோடு முடிப்போம்.

நாங்குநேரி அம்மா: பிராய்லர் சாப்பிட்டால் பெண்பிள்ளை சீக்கிரம் வயசுக்கு வருமாமே? ஊசி போடுகிறார்களாம்.

இன்றைக்கு இது மூன்றாவது தடவை. ஆயிரக்கணக்கான கோழியைப் பிடித்து ஹார்மோன் ஊசி போட எவனுக்கு நேரம்? இனமும் தீனியும்தான் அப்படி வளர்க்கிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுப்பதைக் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வி.

ராதாபுரம் அம்மா: உயரத்துக்கு எந்தப் பவுடர்?

மேலே வள்ளியூர் அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சேரன்மகாதேவி அப்பா: பள்ளிக்கூடத்தில் முட்டை போடுகிறார்கள், இவள் மஞ்சளைத் தூக்கி நாய்க்குப் போடுகிறாளாம்.

1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஆரம்பித்தது, இன்று வாரம் ஐந்து, நாய்க்கு யோகம்! அதிகம் வெந்தால் மஞ்சள் மாவாகித் தொண்டையை அடைக்கும். வீட்டில் பொரியலாகவோ குழம்பில் உடைத்து ஊற்றியோ கொடுத்துப் பாருங்கள். கூட என்ன குடிக்கிறாள்? டீ இல்லையே?