யூடியூபில் ஆராதனை பார்த்தால் போதாதா?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 29. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். ராஜகிரியவில் மென்பொருள் கம்பனி ஒன்றில் வேலை. ஆறு நாளும் வேலையோடு போய்விடும். நித்திரை கொள்ளவும் உடுப்புத் தோய்க்கவும் ஞாயிறு ஒன்றுதான். ஆராதனையை யூடியூபில் பார்த்துவிடுகிறேன், பிரசங்கமும் இங்குள்ளதைவிட நல்லது. நான் சபைக்குப் போய் நாலு மாதம் ஆகிறது, ஏன் வரவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அம்மா மட்டும் ஞாயிறு தவறாமல் போன் எடுத்து, "இண்டைக்குக் கோயிலுக்குப் போனனியோ?" என்று கேட்பா. அப்பா போன பிறகு அவவுக்குப் பொய் சொல்ல மனம் வருகுதில்லை. கடவுள் எங்கும் இருக்கிறார்தானே? வாராவாரம் போய்க் கூடத்தான் வேண்டுமா?
— ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நித்திரை, உடுப்பு, யூடியூப் எல்லாம் சரி. நடுவில் ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, நாலு மாதமாக ஒருவரும் கேட்கவில்லை என்று, முழுக் கடிதமும் அந்த வரிதான் என்று எனக்குப் பட்டது.

அது சபையின் பிழை. மழுப்ப மாட்டேன். கொழும்பில் இது நடக்கிறது. ஊரிலிருந்து வேலைக்கு வருகிற பிள்ளைகள் ஒரு வருடம் இருப்பார்கள், பிறகு கனடா, அவுஸ்திரேலியா என்று போய்விடுவார்கள். பழைய ஆட்கள் புது முகங்களைப் பழகுவதையே விட்டுவிட்டார்கள். இது காரணம், சாட்டு அல்ல.

ஆனால் ஒன்று யோசியுங்கள். யூடியூபில் உங்களை யாரும் தேடவில்லை என்று ஒருநாளாவது மனம் நொந்ததா? நோகாது. அங்கே தேடுவார்கள் என்ற எதிர்பார்ப்பே உங்களுக்கு இல்லை. சபையில் நொந்ததென்றால், அங்கே உங்களுக்கு ஓர் இடம் இருக்க வேண்டும் என்று மனம் நம்பியிருக்கிறது. அந்த நம்பிக்கை சரியானது என்றுதான் நான் சொல்ல வருகிறேன்.

எபிரெயர் நிருபத்தில் "சபைகூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல" என்ற வசனத்தைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கு அலுத்திருக்கும். வராதவர்களை வெருட்ட அதைத்தான் எடுப்பார்கள். அதற்கு முந்திய வசனத்தைப் பாருங்கள்: "ஒருவரையொருவர் கவனித்து" என்று இருக்கிறது. கூடுவது எதற்கு என்பதை அந்த இரண்டு சொல்லே சொல்லிவிடுகிறது. கி.பி. 155 அளவில் ரோமில் இருந்த ஜஸ்டின் என்பவர், கிறிஸ்தவர்கள் ஞாயிறு கூடி என்ன செய்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். வேதம் வாசிப்பார்கள், பிரசங்கம், ஜெபம், அப்பமும் திராட்சரசமும், அப்புறம் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் காணிக்கை. இடையில் சின்னதாக ஒன்றும் சொல்கிறார்: வராதவர்களுக்கு அந்த அப்பத்திலும் ரசத்திலும் அவர்களுடைய பங்கை உதவிக்காரர் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். யார் வரவில்லை, அவர் வீடு எங்கே என்று தெரிந்தால்தானே கொண்டுபோக முடியும்?

என் சபையில் எனக்குப் பின் வாங்கில் ஓர் ஆன்ரி இருப்பா. கீர்த்தனையில் எப்போதும் எல்லாருக்கும் அரை அடி பிந்தித்தான் வருவா, அதுவும் உரத்த குரலில். எரிச்சலில் இடம் மாறி இருக்கலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன். போன வருடம் மூன்று ஞாயிறு அந்தக் குரலைக் காணோம். பாட்டு அழகாகச் சேர்ந்துதான் போனது, எனக்குத்தான் ஏதோ குறைந்தாற்போல இருந்தது. விசாரித்தால், படியில் விழுந்து கால் முறிந்து கட்டிலில் கிடக்கிறா. போதகருக்கே தெரியாது. பிள்ளைகள் எல்லாரும் வெளிநாடு. அன்றைக்கே இரண்டு பேர் புட்டும் சொதியும் கட்டிக்கொண்டு போனோம். ஒழுங்காகப் பாடுகிறவவாக இருந்திருந்தால் அவ வராததை நான் கவனித்தே இருக்க மாட்டேன்.

திரையில் பார்ப்பது தவறில்லை. நோயாளிக்கும் ஷிப்டில் நிற்பவருக்கும் அது பெரிய உதவி. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொழும்பில் ஞாயிறு பூசைகள் நிறுத்தப்பட்டிருந்தன. ஏப்ரல் 28ஆம் திகதி கர்தினால் ஒப்புக்கொடுத்த பூசையைச் சனம் டீவியில்தான் பார்த்தது. எங்கள் சபையும் பூட்டியிருந்ததால் நானும் பார்த்தேன். பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லும் இடம் வந்தது. பக்கத்தில் ஆள் இல்லை, கையில் ரிமோட். மே 12ஆம் திகதி கொழும்பில் ஞாயிறு பூசை திரும்பத் தொடங்கியபோது, கடும் பாதுகாப்புக்கு நடுவிலும் ஆட்கள் வந்தார்கள். வீட்டில் பயமில்லாமல் பார்க்க வழி இருந்தும் வந்தார்கள்.

களைப்பைப் பற்றி நான் பெரிதாகச் சொல்லப் போவதில்லை, அது உண்மை. ஒரு பழைய கதை மட்டும். 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் வார விடுமுறை பௌர்ணமி, அமாவாசை, இரண்டு அட்டமி என்று வரும் போயா நாட்களில்தான். ஞாயிறு வேலை நாள், பள்ளிக்கூட நாள். என் அம்மா அப்போது ரீச்சர். ஞாயிறு பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு, சோக்கட்டித் தூள் படிந்த சாரியோடேயே மாலை ஆராதனைக்குப் போய்விடுவாவாம். அந்த வருடங்களில்தான் கூட்டாளிகள் நிறையச் சேர்ந்தது என்பா. எல்லாரும் ஒரே களைப்பில் வந்ததாலோ என்னவோ.

கடவுள் எங்கும் இருக்கிறார், உண்மைதான். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். மெழுகுதிரியோடு நிற்பவர்களில் இந்துக்களும் பௌத்தர்களும் இருப்பார்கள். கடவுள் எங்கும் இருந்தாலும் அவர்களும் அந்த ஓர் இடத்தைத் தேடித்தான் வருகிறார்கள். தோமாவையும் நினைத்துப் பாருங்கள். மற்றச் சீஷர்கள் கூடியிருந்த முதல் ஞாயிறு அவர் அங்கே இல்லை. உயிர்த்த இயேசுவைக் கண்டோம் என்று அவர்கள் சொன்னதை நம்பவும் இல்லை. எட்டு நாளுக்குப் பிறகு அவர்களோடு இருந்தார், அப்போதுதான் கண்டார். இந்த எட்டு நாளில் யாரோ அவரை வா என்று கூப்பிட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். உங்களை அப்படி யாரும் கூப்பிடவில்லை. சரி, நான் கூப்பிடுகிறேன்.

காலையில் எழும்ப முடியாவிட்டால் மாலை ஆராதனை உள்ள சபையாகப் பாருங்கள். பிரசங்கம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, நல்ல பிரசங்கத்தைச் செவ்வாய் இரவு யூடியூபில் கேளுங்கள். ஆறு ஞாயிறு ஒரே வாங்கில் இருங்கள். முடிந்தவுடன் கேற்றுக்கு ஓடாமல் ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் நில்லுங்கள். ஃபோனைப் பார்த்தபடி தனியே நிற்கிற பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். பெயரைக் கேளுங்கள், நம்பரை வாங்குங்கள். அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளையைக் காணாவிட்டால் நீங்கள் மெசேஜ் போடுங்கள்.

அம்மாவுக்குப் பொய் சொல்ல வேண்டாம், போகாவிட்டால் போகவில்லை என்றே சொல்லுங்கள். அடுத்த முறை அவ கேட்டதும் நீங்களும் ஒன்று கேளுங்கள்: இண்டைக்குக் கோயிலில் உங்களுக்குப் பக்கத்தில் ஆர் இருந்தது? அப்பா இருந்த இடத்தில் இப்போது யார் வந்து இருக்கிறார்கள் என்று அவவிடம் கேட்க ஆளில்லாமல் இருந்திருக்கும்.