டிரில் பேட்டரியில் சர்ச் லைட்: 12 வோல்ட் பல்பை நேராக மாட்டலாமா?

சத்தியமங்கலம் மலையடிவாரத்தில் நிலக்கடலையும் மக்காச்சோளமும் போடும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “என்னிடம் 18 வோல்ட் கார்ட்லெஸ் டிரில் இருக்கிறது. 5 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி இரண்டு உண்டு. காட்டுப்பன்றிக் காவலுக்கு வைத்திருந்த 12 வோல்ட் ஹாலோஜன் சர்ச் லைட்டின் பேட்டரி போய்விட்டது. டிரில் பேட்டரியை அதிலேயே மாட்டிவிடலாமா? இல்லை, எல்இடி போடுவதென்றால் 200 மீட்டர் தெரிய எத்தனை வாட் வேண்டும்? பேட்டரி கெட்டுப்போகுமா?”

நேராக மாட்டாதீர்கள். உங்கள் பேட்டரிக்குள் ஐந்து செல்கள் வரிசையில் இருக்கின்றன. செல்லுக்கு 3.6 வோல்ட் என்ற சராசரிக் கணக்கில்தான் 18 என்று எழுதியிருக்கிறார்கள். சார்ஜரிலிருந்து கழற்றிய கையோடு மல்டிமீட்டர் வைத்தால் 21 வோல்ட் காட்டும். 12 வோல்ட் ஹாலோஜன் பல்பு அதில் பளீரென்று எரியும், அப்புறம் போய்விடும். பல்பு போவது பெரிய விஷயமில்லை. பேட்டரியின் கதைதான் வேறு.

லித்தியம் செல் ஒவ்வொன்றும் சுமார் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஐந்துக்கும் சேர்த்து 15 வோல்ட். டிரில்லில் வேலை செய்யும்போது பேட்டரி தீரும் நேரத்தில் மெஷின் சட்டென்று நின்றுவிடும், பார்த்திருப்பீர்கள். பேட்டரிதான் நிறுத்துகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பல பிராண்டுகளில் நிறுத்துவது டிரில்லுக்குள் இருக்கும் போர்டு. பேட்டரியில் இருக்கும் சின்ன மூன்றாவது முனை அதற்குச் சேதி சொல்வதோடு சரி. பிளஸ், மைனஸ் இரண்டை மட்டும் வெளியே இழுத்து லைட்டுக்குக் கொடுத்தால் அந்தக் காவல் அங்கேயே விட்டுப்போகிறது. லைட் மங்கி அணையும்வரை எரிய விட்டீர்களானால் செல்கள் 2 வோல்ட்டுக்கும் கீழே போய்விடும். மறுநாள் சார்ஜர் எடுக்க மறுக்கும். அப்படிப் போன செல்லுக்குள் செம்பு கரைந்து ஷார்ட் ஆகும் வாய்ப்பு உண்டு. அதனால் வேறு பவர் சப்ளை வைத்து அதை எழுப்பப் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கக்கூடிய வேலை அது.

ஆகவே டிரில் செய்துகொண்டிருந்த காவலை நீங்கள் லைட்டுக்குள் வைக்க வேண்டும். லோ வோல்டேஜ் கட்-ஆஃப் போர்டு என்று கேட்டால் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். அணையும் அளவு 15.5 வோல்ட், மறுபடி எரியும் அளவு 18 வோல்ட் என்று வையுங்கள். இந்த இடைவெளி முக்கியம். லைட் அணைந்ததும் சுமை போய்விடுவதால் பேட்டரி வோல்டேஜ் தானாகக் கொஞ்சம் மேலே ஏறும். இரண்டு அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் லைட் அணைந்து எரிந்து, அணைந்து எரிந்து துடித்துக்கொண்டே இருக்கும். பேட்டரியும் இறங்கிக்கொண்டே போகும்.

இனி வாட். கடைகளில் 50 வாட், 100 வாட் என்று விற்கும் அகலமான மஞ்சள் முகம் கொண்ட சிஓபி எல்இடியை (பல சின்ன எல்இடிகளை ஒரே தகட்டில் நெருக்கி வைத்தது) வாங்கிவிடாதீர்கள். களத்துமேட்டுக்கு வெளிச்சம் போட அது நல்லது, தூரம் போகாது. தூரத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: ஒளி கிளம்பும் இடம் எவ்வளவு சிறியதாகவும் பிரகாசமாகவும் இருக்கிறது, அதன் முன்னால் இருக்கும் ரிஃப்ளெக்டர் எவ்வளவு பெரியது. வாட்டையும், மொத்த ஒளியைச் சொல்லும் லூமெனையும் விட்டுவிட்டு, ஒரு திசையில் ஒளி எவ்வளவு குவிந்து போகிறது என்று சொல்லும் கேண்டெலாவைப் பாருங்கள். போய் விழும் இடத்தில் இருக்கும் வெளிச்சத்தின் அளவு லக்ஸ். ஒரு லட்சம் கேண்டெலா என்றால் 100 மீட்டரில் 10 லக்ஸ், 200 மீட்டரில் 2.5 லக்ஸ் விழும். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு 2.5 லக்ஸில் வரப்பில் நிற்பது பன்றியா புதரா என்று தெரியும். டார்ச் பெட்டிகளில் போடும் ‘இத்தனை மீட்டர்’ கணக்கு 0.25 லக்ஸை, அதாவது பௌர்ணமி நிலவு அளவு வெளிச்சத்தை, வைத்துப் போட்டது. அந்தக் கணக்கில் இதே விளக்கு 632 மீட்டர் விளக்காகிவிடும். நடைமுறையில் பெட்டியில் போட்டதில் மூன்றில் ஒரு பங்கை நம்பலாம்.

உங்களுக்கு நான் சொல்வது க்ரீ (Cree) கம்பெனியின் எக்ஸ்எச்பி35 ஹெச்ஐ (XHP35 HI). மேலே குமிழ் இல்லாத, தட்டையான எல்இடி. 12 வோல்ட் வகை, அதிகபட்சம் 1.05 ஆம்பியர், 13 வாட். உங்கள் பேட்டரியின் வோல்டேஜ் எப்போதும் அதைவிட மேலே இருப்பதால் வோல்டேஜை இறக்கித் தரும் சாதாரண பக் போர்டே போதும். எல்இடிக்கென்று செய்த 70 முதல் 80 மில்லிமீட்டர் ரிஃப்ளெக்டரை அதற்கு வைத்தால் ஒரு லட்சம் கேண்டெலாவைத் தாராளமாகத் தாண்டும். பழைய ஹாலோஜன் ரிஃப்ளெக்டரில் வைக்க ஆசை வரும், வேண்டாம். ஹாலோஜன் இழை எல்லாப் பக்கமும் ஒளி வீசுவது. அந்தக் கிண்ணம் அதற்கென்று வளைத்தது. எல்இடி முன்பக்கம் மட்டும்தான் வீசும். பாதிக்கு மேல் கிண்ணத்தைத் தொடாமலே சிதறிப்போகும்.

எல்இடிக்குக் கரண்டைக் கட்டுப்படுத்தித்தான் கொடுக்க வேண்டும். எக்ஸ்எல்4015 சிப் உள்ள பக் போர்டில் இரண்டு திருகு உள்ள வகையை வாங்குங்கள். ஒன்று வோல்டேஜுக்கு, இன்னொன்று கரண்டுக்கு. எல்இடியை மாட்டாமல் முதலில் வோல்டேஜை 13-க்கு வையுங்கள். கரண்டுத் திருகை முழுக்கக் குறைத்துவிட்டு, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து அவுட்புட்டின் இரண்டு முனைகளிலும் பிடியுங்கள். மெதுவாகத் திருகி 0.9 ஆம்பியரில் நிறுத்துங்கள். திருகு பல சுற்றுச் சுற்றும். ஒன்றும் நடக்காத மாதிரி இருந்து திடீரென்று ஏறும், அவசரப்பட வேண்டாம். சரி, இனி பேட்டரியைக் கழற்றிவிட்டு எல்இடியைச் சால்டர் செய்யுங்கள். உச்ச அளவான 1.05-க்குப் போகாதீர்கள். அந்தக் கடைசிக் கொஞ்சம் கண்ணுக்குத் தெரியாது, சூட்டில்தான் தெரியும்.

சூடு என்றால், இந்த 11 வாட்டில் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் வெளியேறும். எல்இடியைச் செம்புத் தகட்டுப் போர்டோடு சேர்த்தே வாங்குங்கள். தெர்மல் பேஸ்ட் தடவி, சூட்டை வாங்கி வெளியே விடும் அலுமினிய ஹீட் சிங்கில் திருகு போட்டு இறுக்குங்கள். ஒட்டும் பசையை மட்டும் நம்ப வேண்டாம். பத்து நிமிடம் எரியவிட்டு ஹீட் சிங்கைத் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் இன்னும் பெரியது வேண்டும்.

பேட்டரி முனையிலிருந்து விரற்கடை தூரத்துக்குள், வேறு எதற்கும் முன்னால், 3 ஆம்பியர் கார் ஃபியூஸ் ஒன்று. இதை விடவே கூடாது. இந்தப் பேட்டரி ஷார்ட் ஆனால் ஒயரைச் சிவக்கவைத்து உருக்கும் அளவுக்குக் கரண்ட் தள்ளும். ஃபியூஸை அடுத்து ஸ்விட்ச், அதை அடுத்து கட்-ஆஃப் போர்டு, பிறகு பக் போர்டு, எல்இடி. இந்த வரிசையில் இருந்தால் ஸ்விட்சை அணைத்ததும் எல்லாம் அணைந்துவிடும். மாற்றி வைத்தால் போர்டுகள் சும்மா இருக்கும்போதும் சில மில்லி ஆம்பியரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

விளக்கின் உடம்புக்கு என் யோசனை: மோட்டார் போன பழைய டிரில் ஒன்றை மெக்கானிக் கடையில் தேடுங்கள், அதே பிராண்டில். பேட்டரி உட்காரும் இடமும் பிடியும் கம்பெனியே செய்து வைத்தது; அறுநூறு கிராமுக்கு மேல் வரும் பேட்டரி கைக்குக் கீழே தொங்குவதால் நெடுநேரம் பிடித்தாலும் மணிக்கட்டு வலிக்காது, கீழே வைத்தால் தானாக நிற்கும். மோட்டார், கியரைக் கழற்றிய இடத்தில் போர்டுகள் உட்காரும். ஆனால் டிரில்லின் விசையை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அது வேகத்தைக் கூட்டிக் குறைக்க மின்சாரத்தைத் துண்டு துண்டாக அனுப்பும் விசை. பக் போர்டுக்கு ஒத்துவராது. அதைத் தாண்டி ஒயரைக் கொண்டுபோய்ச் சாதாரண டிசி ஸ்விட்ச் வையுங்கள். பழைய டிரில் கிடைக்கவில்லையா, உங்கள் பேட்டரிக்குப் பொருந்தும் இரண்டு ஒயர் அடாப்டர் தனியாக விற்கிறது.

ஃபோகஸை இரவில்தான் சரிசெய்ய முடியும். பத்து மீட்டர் தள்ளிச் சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் இருட்டு வட்டம் விழுந்தால் எல்இடி சரியான உயரத்தில் இல்லை. ரிஃப்ளெக்டருக்கும் போர்டுக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் வளையங்களைக் கூட்டியும் குறைத்தும், நடுவட்டம் சின்னதாகக் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். வளையம் பிளாஸ்டிக்தான் இருக்க வேண்டும். உலோகமாக இருந்தால் சால்டர் முனைகளை ஷார்ட் செய்துவிடும்.

பகலில் விளக்கை வெயில் பார்க்க வைக்காதீர்கள். வெளியே போகும் ஒளியைக் குவிக்கும் அதே ரிஃப்ளெக்டர் உள்ளே வரும் வெயிலையும் எல்இடி மேல் குவித்துக் கருக்கிவிடும். ஒரு மூடி போட்டு வையுங்கள். உங்கள் பகுதியில் யானையும் இறங்கும் என்பதால் இன்னொன்று: பக்கத்தில் நிற்கும் யானையின் முகத்தில் இதை அடிக்காதீர்கள். யானை என்று தெரிந்தவுடன் விளக்கைத் தாழ்த்திப் பின்வாங்கி, வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

எத்தனை மணி நேரம் எரியும்? உங்கள் பேட்டரி ஒன்றில் 90 வாட்-அவர் இருக்கிறது. போர்டில் போகும் இழப்பையும் கட்-ஆஃபில் மிஞ்சுவதையும் கழித்தால், விடாமல் எரித்தாலும் ஆறு மணி நேரம் வரும். காவலுக்கு அவ்வப்போது அடித்துப் பார்ப்பதற்கு ஒரு பேட்டரி சில இரவுகளுக்குத் தாங்கும். இரண்டாவதை டிரில்லுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.