3,000 ரூபாய்ல வாத்து பர்த்டே, வீட்லயே பண்ணலாம்

பாபநாசம் பக்கத்துலேர்ந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "அக்கா, என் பையனுக்கு தை கடைசில நாலு வயசு முடியுது. அறுப்பு முடிஞ்ச வயல்ல வாத்து மேய்க்க வந்திருக்காங்க, அத பாத்ததுலேர்ந்து இவனுக்கு எந்நேரமும் வாத்துதான், வாத்து பர்த்டேதான் வேணுமாம். டவுன்ல டெக்கரேஷன் பண்றவங்க பலூன் ஆர்ச்சுக்கு மட்டும் 5,500 சொல்றாங்க. வீட்டுக்காரர் ரைஸ் மில்லுல வேல, எங்களால மொத்தமே 3,000 தான் முடியும். பதினஞ்சு பிள்ளைங்க வரும், பெரியவங்களும் ஒரு பதினஞ்சு பேர். மாமியார் கேக்கே வேணாம், கோயிலுக்கு போயிட்டு கேசரி கிண்டுனா போதும்ங்கிறாங்க. மேய்க்கிறவங்ககிட்ட நாலு வாத்துக்குஞ்சு கேட்டு வாங்கிட்டு வந்து பிள்ளைங்களுக்கு காட்டலாமா? எப்படி பண்றதுன்னு சொல்லுங்க."

தங்கச்சி, 3,000 தாராளமா போதும். நான் சின்னப் பிள்ளைங்களோட பதினஞ்சு வருஷமா வேல பாக்குறேன், அதுல பாத்தத வச்சு சொல்றேன், நாலு வயசு பிள்ளைக்கு தீம்ங்கிறது செவுத்துல ஒட்டுறது இல்ல, அவன் கையால தொட்டு செய்யிறதுதான். பலூன் ஆர்ச்சுக்கு முன்னாடி ஒரு தடவ நின்னு போட்டோ எடுத்ததும் அவன் எறங்கி ஓடிருவான், ஆனா ஒரு பேசின் தண்ணில வாத்து மெதக்குதுன்னா அரைமணி நேரம் அந்த எடத்த விட்டு நகர மாட்டான். அதனால காச பிரிக்கும்போதே இப்படி வச்சுக்குங்க: சாப்பாட்டுக்கு 1,500, விளையாட்டுக்கும் கைவேலைக்கும் 500, ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கு தலைக்கு 30 வச்சு 450, அலங்காரத்துக்கு 300, மிச்சம் 250 கைல இருக்கட்டும், கடைசி நேரத்துல எதாவது ஒண்ணு வாங்க ஓட வேண்டி வரும்.

முதல்ல குஞ்சு விஷயம், வேணவே வேணாம் மா. ஆரோக்கியமா தெரியிற வாத்துக்குஞ்சு எச்சத்துலயும் ரெக்கைலயும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், அஞ்சு வயசுக்குள்ள உள்ள பிள்ளைங்க தொட்டுட்டு கைய வாய்ல வச்சா வாந்தி பேதில கொண்டு விட்டுரும். பதினஞ்சு பிள்ளைங்க சுத்தி நின்னு கத்துனா அந்த குஞ்சும் மெரண்டு போயிரும் பாவம். பதிலா பர்த்டேவுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு காலைல அவன வயலுக்கு கூட்டிட்டு போயி வரப்புல நின்னு காட்டுங்க, உதுந்த நெல்லயும் நத்தையயும் பூச்சியயும் அதுங்க எப்படி பொறுக்கி திங்குது, மேய்க்கிறவரு ஒரு கோல வச்சுகிட்டே அவ்வளவு வாத்தையும் எப்படி திருப்புறாரு, இந்த வயல்ல விடுறாங்க பக்கத்து வயல்ல உளுந்து தெளிச்சிருக்கு அதனால விட மாட்டாங்க, எல்லாம் சொல்லுங்க. அவன் பார்ட்டில வந்து மத்த பிள்ளைங்களுக்கு அத சொல்லுவான் பாருங்க, அதுக்கு ஈடா காசு குடுத்து ஒண்ணும் வாங்க முடியாது.

இப்ப மெதக்குற வாத்து. இன்னிலேர்ந்து வீட்ல தேங்கா ஒடைக்கும்போது கொட்டாங்குச்சிய தூக்கி போடாதீங்க, அக்கம்பக்கத்து வீட்லயும் சொல்லி வைங்க, மூணு வாரத்துல இருபது தேறிரும். கண்ணு ஓட்டை இல்லாத பாதிதான் வேணும், ஓட்டை உள்ளது தண்ணி ஏறி முங்கிரும். மேல இருக்குற நார கல்லுல தேய்ச்சு எடுத்துட்டு ஓரத்தயும் நல்லா மழுங்க தேய்ங்க, பிள்ளைங்க கை கிழிச்சிர கூடாது. பழைய அட்டப்பெட்டில வாத்து தலையும் கழுத்தும் வரைஞ்சு வெட்டி உள்பக்கமா பெவிக்கால்ல ஒட்டி ஒரு ராத்திரி காய விடுங்க, அவ்வளவுதான் வாத்து. வெளிப்பக்கம் பெயிண்ட் அடிக்காதீங்க, போஸ்டர் கலர் தண்ணில கரைஞ்சு பேசின் முழுக்க சேறு மாதிரி ஆயிரும். நம்ம ஊரு வயல்ல மேயிற வாத்தே பழுப்புதானே, கொட்டாங்குச்சியும் அதே நெறந்தான், தலைக்கு மட்டும் மஞ்ச அடிச்சா போதும். அகலமான பேசின்ல இல்லன்னா டப்புல நாலு விரக்கடை தண்ணி விட்டு, வடை எடுக்குற அரிகரண்டிய குடுத்து அள்ள விடுங்க. ஒண்ணு கண்டிப்பா கேட்டுக்குங்க, ஒசரமான அண்டா வைக்காதீங்க, சின்னப் பிள்ளை எட்டி பாத்து தலகுப்புற விழுந்துரும், நாலு விரக்கடை தண்ணிங்கிறதும் சின்ன விஷயம் இல்ல, ஒரு பெரியவங்க அந்த எடத்துலயே ஒக்காந்திருக்கணும், ஆட்டம் முடிஞ்ச கையோட தண்ணிய கொல்லைல வாழைக்கு ஊத்திட்டு பேசின கவுத்து வச்சிருங்க.

அடுத்தது நான் ரொம்ப ஆசையா சொல்றது, மஞ்சள் பேப்பர். மஞ்சத்தூள கொஞ்சம் தண்ணி விட்டு கெட்டியா கரைச்சு வெள்ளை பேப்பர்ல பூசி நிழல்ல காய வைங்க, வெயில்ல போட்டா மஞ்ச வெளுத்துரும். காஞ்சதும் மேல நிக்கிற தூள தட்டிட்டு வாத்து ஷேப்ல வெட்டி ஆளுக்கு ஒண்ணு குடுங்க. ஒரு கிண்ணத்துல குளிக்கிற சோப்ப கரைச்ச தண்ணி வச்சுட்டு, விரல தொட்டு மூக்குலயும் காலுலயும் வைக்க சொல்லுங்க, வச்ச எடம் கண்ணு முன்னாடி செவந்துரும்! ஆரத்திக்கு மஞ்ச தண்ணில சுண்ணாம்பு போட்டா செவக்குதே, அதே விஷயந்தான், மஞ்சள்ல உள்ள குர்குமின்ங்கிற பொருள்ல சோப்பு, சுண்ணாம்பு மாதிரி காரத்தன்மை உள்ளது பட்டா நெறம் மாறும், அதுமேல எலுமிச்ச சாறு ஒரு சொட்டு விட்டா திரும்பவும் மஞ்ச ஆயிரும். இத மூணு நாலு தடவ மாத்தி மாத்தி பண்ணுவாங்க, சலிக்காது. ஆனா சுண்ணாம்பு மட்டும் பிள்ளைங்க கிட்ட குடுக்க கூடாது, கண்ணுல பட்டா பார்வையே போற அளவுக்கு கெடுத்துரும், சோப்பு தண்ணியே போதும். அதுவும் கண்ணுல பட்டா எரியும், அதனால விளையாட்டு முடிஞ்சதும் எல்லாருக்கும் கை கழுவி விட்டுருங்க.

அலங்காரத்துக்கு 300 எப்படி போதும்னு நெனப்பீங்க. வாசல்லேர்ந்து கூடம் வரைக்கும் மாக்கோலத்துல வாத்து கால் வைங்க. கிருஷ்ண ஜெயந்திக்கு சின்ன பாதம் போடுவோமே அதே மாதிரி, ஆனா இது மூணு விரலும் நடுவுல ஜவ்வும் உள்ள கால். ஒரு உருளக்கிழங்க பாதியா வெட்டி அதுல கால் ஷேப்ப விட்டுட்டு மிச்சத்த செதுக்கிட்டா அச்சு ரெடி, அரிசி மாவு கரைசல்ல தொட்டு தொட்டு வைக்க வேண்டியதுதான். உங்க மாமியார் கைல குடுங்க, கோலம் போட்டு பழகுன கை, பதினஞ்சு நிமிஷத்துல முடிச்சிருவாங்க, பேரனையும் பக்கத்துல வச்சுகிட்டு பண்ண சொல்லுங்க. பிள்ளைங்க வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி போட்டா காஞ்சிரும், ஈரத்துல மிதிச்சா வழுக்கும். கூடத்துல உங்ககிட்ட இருக்குற நீல பொடவைய கட்டி விட்டா அதுதான் கொளம், அதுல மிச்சம் உள்ள மஞ்ச வாத்தெல்லாம் குண்டூசில குத்துங்க, பிள்ளைங்க கைக்கு எட்டாத ஒசரத்துல.

தெர்மாகோல் எழுத்து வாங்கலாம்னு யாராவது சொல்லுவாங்க, வாங்காதீங்க. 2022 ஜூலை 1 லேர்ந்து நாடு பூரா தடை பண்ணுன ஒரு தடவ உபயோகிச்சு தூக்கி போடுற பிளாஸ்டிக் லிஸ்ட்ல அலங்காரத்துக்கு உள்ள தெர்மாகோலும் இருக்கு, பலூனுக்கு குத்துற பிளாஸ்டிக் குச்சியும் இருக்கு. நம்ம தமிழ்நாட்ல 2019 ஜனவரி 1 லேர்ந்தே பிளாஸ்டிக் கப்பு, தட்டுக்கெல்லாம் தடை. நம்ம பக்கத்துலயே அதவிட நல்லது ஒண்ணு இருக்கே, நெட்டி! கொளத்துல வளர்ற செடியோட தண்டுதான், தோல சீவுனா பால் வெள்ளையா பஞ்சு மாதிரி லேசா இருக்கும், தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020ல புவிசார் குறியீடே கெடச்சிருக்கு. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்கு போடுற கலர் நெட்டி மாலை நரசிங்கம்பேட்டை பக்கம் கட்டுவாங்க, பொங்கல் முடிஞ்ச நேரம்ங்கிறதால மிச்ச மாலை இருந்தா கொறஞ்ச வெலைக்கு குடுப்பாங்க, கேட்டு பாருங்க, ரெண்டு மாலைய பிரிச்சு தோரணமா கட்டிக்கலாம். கெடைக்கலன்னா குருத்தோலையும் மாவிலையும் போதும்.

வைக்கோல்ல வாத்து கூடு பண்ணி வைக்கலாம்னு தோணும், இந்த சீசன்ல சும்மாவே கெடைக்கும். ஓரமா ஒரு சின்ன பிரி வைங்க, மேல கொட்டாங்குச்சி வாத்து ஒண்ண ஒக்கார வைங்க, ஆனா பிள்ளைங்கள அதுல ஒக்கார விடாதீங்க, சுணை பட்டு ராத்திரி பூரா சொறிஞ்சுகிட்டு கெடக்கும், மெழுகுவத்திய அந்த பக்கமே கொண்டு போகாதீங்க.

பலூன் பத்தி. என் பொண்ணோட மூணாவது பர்த்டேவுக்கு எண்ணி நூறு பலூன் ஊதி கட்டுனேன், மூணு வெடிச்சது, அவ பீரோ பின்னாடி போயி ஒளிஞ்சுகிட்டு கேக் வெட்டவே வரல, அந்த அழுகைய நான் இன்னும் மறக்கல. அதுக்கப்புறம் சின்னப் பிள்ளைங்க பார்ட்டில நான் பலூன் வைக்கிறதே இல்ல. வெடிச்ச ரப்பர் துண்ட வாய்ல போட்டு தொண்டைல அடைச்சா மூச்சே நின்னுரும், எட்டு வயசுக்குள்ள உள்ள பிள்ளைங்களுக்கு அந்த ஆபத்து இருக்கு. திருவிழால விக்கிற கேஸ் பலூன்ல ஹைட்ரஜன் இருக்கலாம், மெழுகுவத்தி பட்டா குப்புன்னு பத்தும், ஸ்னோ ஸ்ப்ரேயும் அப்படித்தான் நெருப்பு பட்டா புடிச்சிக்கும். ரெண்டும் வீட்டுக்குள்ள வேணாம்.

மாமியார் சொன்ன கேசரிய ஏன் மா தள்றீங்க, அதுதான் உங்க கேக்! அரை கிலோ ரவைய நெய்ல வறுத்துட்டு ஒண்ணரை லிட்டர் கொதிக்கிற தண்ணி, 600 கிராம் சர்க்கர, 200 கிராம் நெய், நெறத்துக்கு ரெண்டு சிட்டிகை மஞ்சத்தூள். தண்ணி இதுக்கு மேல போனா கொழகொழன்னு ஆயிரும், அச்சு நிக்காது. சூட்டோட நெய் தடவுன பெரிய கிண்ணத்துல ஒடம்புக்கும் சின்ன கிண்ணத்துல தலைக்கும் அழுத்தி நெரப்பி இருபது நிமிஷம் விட்டு தாம்பாளத்துல கவுத்துங்க. மூக்குக்கும் காலுக்கும் அசோகா வைங்க, பாசிப்பருப்பு போட்டு கிண்டுற திருவையாறு அசோகாதான், அந்த செவப்பும் ஆரஞ்சும் கலந்த நெறம் வாத்து மூக்குக்குன்னே பண்ணுன மாதிரி இருக்கும், கால் கிலோ வாங்குனா மிச்சம் தட்டுல வைக்கவும் ஆகும். கண்ணுக்கு உலர்திராட்ச. கிரீம் கேக் வெண்ணெயில பண்ணுனா நம்ம ஊரு மத்தியான சூட்டுக்கு எளகிரும், இது முப்பது பேருக்கும் வரும், வழியவும் வழியாது. ஊதுற மெழுகுவத்திய தனியா ஒரு குட்டி கிண்ண கேசரில குத்துங்க, எல்லாரும் திங்கிறதுல எச்சி படாது.

கூட பிள்ளைங்களுக்கு பொடி தடவுன குட்டி இட்லி, பூவன் பழம், பானகம். பெரியவங்களுக்கு கொண்டக்கடலை சுண்டலும் காபியும். முழு வேர்க்கடலை, முழு கொண்டக்கடலை, பாப்கார்ன் இதெல்லாம் நாலு வயசுக்கு கீழ உள்ளதுங்களுக்கு குடுக்காதீங்க, மூச்சுக்குழல்ல போயிரும், சுண்டல குடுத்தே ஆகணும்னா மசிச்சு குடுங்க. ரோஸ் கலர் பஞ்சுமிட்டாய் ஆள கூப்புடாதீங்க, துணி சாயத்துல போடுற ரோடமின்-பி இருந்ததாலதான் 2024 பிப்ரவரில தமிழ்நாட்ல அத தடை பண்ணுனாங்க.

நேரம் சாயந்தரம் நாலுலேர்ந்து ஆறு, அதுக்கு மேல போனா பிள்ளைங்க தூக்கத்துல நச்சரிக்க ஆரம்பிச்சிரும், இருட்டியும் போயிரும். வந்தவுடனே மஞ்ச பேப்பர், பிந்தி வர்றவங்களும் சேந்துக்கலாம். அப்புறம் குந்தி ஒக்காந்து வாத்து நட ரேஸ், குலைகுலையா முந்திரிக்கா வெளையாடும்போது துணிக்கு பதிலா ஒரு அட்ட வாத்த பின்னாடி போட சொல்லுங்க. அஞ்சு மணிக்கு கேசரி வெட்டிட்டு சாப்பாடு, தண்ணி ஆட்டத்த கடைசிக்கு வைங்க, எப்படியும் சட்டைய நனைச்சுப்பாங்க, அப்படியே வீட்டுக்கு அனுப்பிரலாம். போகும்போது ஆளுக்கு ஒரு கொட்டாங்குச்சி வாத்து, தொன்னைல ரெண்டு பொரி உருண்ட, அதான் ரிட்டர்ன் கிஃப்ட், 30 ரூபாய்க்குள்ளயே அடங்கிரும்.

இருபது வாத்தையும் நீங்க ஒருத்தரே ஒக்காந்து பண்ணாதீங்க. தெனம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வீட்டுக்காரர் ரெண்டு கொட்டாங்குச்சி தேய்ச்சு குடுக்கட்டும், நீங்க தலைய வெட்டுங்க, மஞ்ச அடிக்கிறது பையன் வேல. கோணலா அடிச்சாலும் திருத்தாம அப்படியே ஒட்டிருங்க.