எலிப்பல் கேள்வி பதில்: பொட்வார் முதல் பாலாறு வரை

காட்பாடி வாசகர்: பழங்கால எலிகளை ஆராய எலும்பெல்லாம் இருக்க, ஏன் பல்லையே பிடித்துக்கொள்கிறீர்கள்?

எலியின் எலும்பு மெல்லியது, சீக்கிரம் நொறுங்கிவிடும். எனாமல் தாங்கும். மண்ணை ஊறவைத்து, அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசி, தங்கியதை மைக்ரோஸ்கோப்பில் பொறுக்கினால் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத கடைவாய்ப்பற்கள் கிடைக்கும். அதில் மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்தான் முக்கியம். வெள்ளெலி (ஹாம்ஸ்டர்) போன்ற பழைய வகைகளில் அதன் மேடுகள் இரண்டிரண்டாக நிற்கும். எலிக் குடும்பத்தில் நாக்குப் பக்கம் கூடுதல் மேடுகள் முளைத்து, வரிசைக்கு மூன்றாகின்றன. பாகிஸ்தானின் பொட்வார் மேட்டுநிலத்தில், சுமார் 1.38 கோடி ஆண்டுப் பழமையான ஆன்டிமஸ் என்ற எலியின் பல்லில் அந்த மேடுகள் வந்துவிட்டன. ஆனால் வரிசை இன்னும் சரியாகக் கூடவில்லை. பின்னால் வந்த புரோகோனோமிஸ் என்ற எலியில் கூடிவிடுகிறது. பார்க்கப் பார்க்க அலுக்காது!

குடியாத்தம்: பாலாற்று மணலில் ஒரு கருப்புப் பல் கிடைத்தது. ஃபாசிலா?

நிறத்தை வைத்து வயது சொல்ல முடியாது. எடுத்த இடம், ஆழம், தேதி மூன்றையும் முதலில் எழுதி வையுங்கள். அப்புறம் கழுவலாம்.

ஆம்பூர்: மூஞ்சூறின் பல்லும் இப்படித்தானா?

மூஞ்சூறு எலியே அல்ல, பூச்சி தின்னும் வேறு பாலூட்டி வகை.

வேலூர் மாணவர்: மரபணுக் கடிகாரம் இருக்கும்போது பல் எதற்கு?

மரபணு மாற்றங்களை எண்ணிக் கிளைகள் பிரிந்த காலத்தைக் கணிக்கும் அந்தக் கடிகாரத்துக்கு நேரம் வைத்ததே பல்தான் தம்பி. எலியும் சுண்டெலியும் சுமார் 1.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்ற கணக்கு பொட்வார் பற்களிலிருந்து வந்தது. பல மரபணு ஆய்வுகள் அதன்மேல்தான் நின்றன. 2015இல் கிமுராவும் சகாக்களும் அதைத் திருத்தினார்கள். கர்னிமாட்டா என்ற பழைய எலி, முன்பு நினைத்ததுபோல் நம் வீட்டெலியின் கிளையல்ல. ஆப்பிரிக்கப் புல்லெலியான அர்விகாந்திஸின் கிளை. ஆக, சுமார் 1.11 கோடி ஆண்டு என்பது சுண்டெலியும் அர்விகாந்திஸும் பிரிந்த காலம். வீட்டெலி அதற்கும் முன்பே பிரிந்துவிட்டது.

அதே மாணவர்: அப்படியானால் பல் ஏமாற்றிவிட்டதே, ஐயா?

இல்லை. பல்லை எந்தக் கிளையில் வைப்பது என்பதுதான் மாறியது. மரபணு கிளைகளின் வரிசையைச் சொல்லும். ஆண்டைச் சொல்ல வயது தெரிந்த மண்ணடுக்கு வேண்டும். பொட்வாரில் அடுக்கின் காந்தத் திசையை அளந்து வயது கண்டிருக்கிறார்கள். எந்த அடுக்கு என்று எழுதாமல் எடுத்திருந்தால் அந்தப் பற்கள் இன்று எதற்கும் உதவாது. இதற்காகத்தான் திரும்பத் திரும்பக் கத்துகிறேன்.

வாலாஜா: பாலாற்றில் எனக்கும் ஒரு பல்...

குடியாத்தம் பதிலைப் படியுங்கள்.

ஆரணி: அறுப்பு முடிந்ததும் இருளர்கள் வரப்பு வெட்டிப் பிடிக்கும் எலிகளின் மண்டையோடு பயன்படுமா?

அருமையான கேள்வி. கட்டாயம் பயன்படும். இன்றைய வரப்பெலியின் பல், குட்டியில் எப்படி, தேய்ந்த கிழட்டெலியில் எப்படி என்று தெரியாமல் பழைய பல்லுக்குப் பெயர் வைக்கக் கூடாது. தேய்மானத்தைப் புது இனம் என்று நினைத்துவிடுவோம். பிடித்தவரிடமே எந்த வளை, எந்த வயல் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது.

அணைக்கட்டு: எங்கள் மலைப்பாறையில் தேடலாமா?

வேண்டாம். அந்தப் பாறைகள் இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. அப்போது பாலூட்டியே கிடையாது. பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் கர்னூல் குகைகள். 1880களில் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் அகழ்ந்த இடம். எலி எச்சங்களும் கிடைத்தன.

ராணிப்பேட்டை: பாலாற்றுப் பல்லின் படம் அனுப்பட்டுமா?

மெல்லும் பரப்பு மேலே தெரியட்டும், பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் வையுங்கள். எடுத்த இடம் எழுதாத படத்துக்குப் பதில் எழுத மாட்டேன்.